ஆர்.எம்.டி.யிடம் போக முன்: எங்கள் ஆட்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கனடாவில், டொரொண்டோவின் ஸ்காபரோவில் மசாஜ் தெரபிஸ்டாக வேலை செய்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலானோர் தமிழர். தொலைபேசியில் கேட்டாலும், கட்டிலில் குப்புறப் படுத்தபடி கேட்டாலும், கலியாண வீட்டுச் சாப்பாட்டு வரிசையில் பிடித்து வைத்துக் கேட்டாலும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே கீழே போட்டிருக்கிறேன். பதில்கள் ஒன்ராறியோ மாகாணத்துக்குரியவை. வேறு மாகாணத்தில் இருப்பவர்கள் கடைசிக்கு முந்திய கேள்வியைப் பாருங்கள்.

ஆர்.எம்.டி. எண்டா என்ன? ஸ்பாவில செய்யிறதும் இதுவும் ஒண்டுதானே?

ரெஜிஸ்டர்ட் மசாஜ் தெரபிஸ்ட் என்பதன் சுருக்கம். ஒன்ராறியோவில் இது தாதியர், பிசியோதெரபிஸ்ட் போலச் சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட்ட சுகாதாரத் தொழில். 1919இலேயே இங்கே ஒழுங்குமுறை தொடங்கிவிட்டது. இப்போதுள்ள மசாஜ் தெரபி சட்டம் 1991ஆம் ஆண்டுக்குரியது. பதிவேட்டை வைத்திருப்பது காலேஜ் ஒஃப் மசாஜ் தெரபிஸ்ட்ஸ் ஒஃப் ஒன்ராறியோ, சுருக்கமாகச் சி.எம்.டி.ஓ. பெயரில் காலேஜ் இருந்தாலும் அங்கே வகுப்பு நடப்பதில்லை. தொழிலுக்குள் யாரை விடுவது, யாரை வெளியே அனுப்புவது என்று முடிவெடுக்கும் இடம் அது.

ஸ்பாவிலும் ஆர்.எம்.டி. இருக்கலாம், கிளினிக் என்று பலகை போட்ட இடத்திலும் பதிவில்லாதவர் இருக்கலாம். அதனால் இடத்தை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள். சி.எம்.டி.ஓ. இணையத்தளத்தில் பெயரைப் போட்டால் பதிவு நடப்பில் இருக்கிறதா, நிபந்தனை ஏதும் உண்டா, ஒழுக்காற்று விசாரணையில் குற்றம் கண்டிருக்கிறார்களா என்று தெரியும். இரண்டு நிமிட வேலை. வீடு வாங்கித் தரும் ஏஜென்டைப் பற்றி ஊரெல்லாம் விசாரிக்கிற எங்கள் ஆட்கள், உடம்பைக் கொடுக்கப் போகிறவரைப் பற்றி ஒருநாளும் தேடிப் பார்ப்பதில்லை.

பிடிச்சு விடுறதுக்கு ரெண்டு வருசம் படிக்க வேணுமோ?

ஓம். பெரும்பாலான பாடநெறிகள் இரண்டு வருட டிப்ளோமா, சுமார் 2,200 மணித்தியாலம். அதில் மசாஜ் ஒரு பகுதிதான். உடற்கூற்றியல், நோயியல், நரம்பியல், வெப்பமும் குளிரும் கொண்டு செய்யும் நீர்ச் சிகிச்சை, உடற்பயிற்சி கொடுக்கும் முறை, தொழில் ஒழுக்கம், சட்டம் எல்லாம் உண்டு. நாரிக்கு, அதாவது கீழ்முதுகுக்கு, பக்கத்தில் குவாட்ரேட்டஸ் லம்போரம் என்றொரு தசை இருக்கிறது. அது கடைசி விலா எலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை போகிறது என்று புத்தகத்தில் படித்தால் போதாது. ஆளைப் படுக்க வைத்து, மேலே கிடக்கும் முதுகுத் தசையின் ஓரத்தைத் தாண்டி விரலை உள்ளே கொண்டுபோய் 'இதுதான்' என்று காட்ட வேண்டும். பிறகு மேற்பார்வையாளர் பார்த்திருக்க, பொதுமக்களுக்கான மாணவர் கிளினிக்கில் வேலை செய்ய வேண்டும். அதெல்லாம் முடிந்துதான் பதிவுத் தேர்வு.

எஃப்ளுராஜ், பெட்ரிசாஜ் என்று நாங்கள் சொல்லும் பிரெஞ்சுப் பெயர்களைக் கேட்டுச் சிலர் மிரளுகிறார்கள். முதலாவது நீளமாகத் தடவுவது, இரண்டாவது தசையைப் பிசைவது. 19ஆம் நூற்றாண்டில் மெட்ஸ்கர் என்ற டச்சு மருத்துவர் வைத்த பெயர்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 'சுவீடிஷ் மசாஜ்' என்று ஊரெல்லாம் சொல்லும் முறைக்கு ஒல்லாந்துக்காரர் பிரெஞ்சில் பெயர் வைத்தார் என்பது எனக்கு இன்னும் வேடிக்கைதான்.

நீங்கள் டொக்டரோ? எனக்கு என்ன வருத்தம் எண்டு சொல்லுவீங்களோ?

டொக்டர் இல்லை. தசை, தசைநார், மூட்டு ஆகியவற்றைப் பரிசோதித்து, நோவையும் இயக்கக் குறைவையும் கையால் கவனிப்பதுதான் சட்டம் எங்களுக்குக் கொடுத்த எல்லை. நோய் இன்னதென்று தீர்மானித்து நோயாளிக்கு அறிவிக்கும் அதிகாரம் இங்கே சில தொழில்களுக்கு மட்டும்தான் உண்டு. அதில் நாங்கள் இல்லை. 'உங்களுக்கு டிஸ்க் விலகியிருக்கு' என்று ஒரு ஆர்.எம்.டி. அடித்துச் சொன்னால் அவர் தன் எல்லையைத் தாண்டுகிறார்.

நான் சொல்லக்கூடியது இப்படி இருக்கும்: 'காலை நீட்டித் தூக்கும்போது நோ கீழே பாதம் வரை இறங்குகிறது. நரம்பு சம்பந்தப்பட்டிருக்கலாம். நான் எழுதித் தருகிறேன், குடும்ப வைத்தியரிடம் காட்டுங்கள்.'

நாரி நோகுது எண்டுதானே வந்தனான்? ஏன் இவ்வளவு கேள்வி? நேர அமத்துங்கோவன்.

என் வேலையில் கடினமான பகுதியே அந்தக் கேள்விகள்தான். அமத்துவதற்குப் பலமுள்ள எவரும் போதும். எங்கே அமத்துவது, எங்கே கை வைக்கவே கூடாது என்று கண்டுபிடிக்கத்தான் அந்த இரண்டு வருடப் படிப்பு.

'கை விறைக்குது' என்று வருகிறவர்களைப் பாருங்கள். எந்த விரல்கள் என்று கேட்பேன். 'எல்லாம்தான்' என்பார்கள். சரி, இரவில் எழும்பிக் கையை உதறும்போது எந்த விரலை முதலில் தேய்க்கிறீர்கள் என்று கேட்டால், தன்னையறியாமல் பெருவிரலையும் சுட்டுவிரலையும் நடுவிரலையும் தொட்டுக் காட்டுவார்கள். அப்போது மணிக்கட்டை யோசிக்கிறேன். இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் நிலத்தைப் பார்க்க, மணிக்கட்டை மடித்து ஒரு நிமிடம் பிடிக்கச் சொல்வேன். அதற்குள் விறைப்பு வந்தால் சந்தேகம் வலுக்கும். சின்ன விரலில் விறைப்பு என்றால் முழங்கைப் பக்கம் பார்க்க வேண்டும். கழுத்தைத் திருப்பும்போது கூடினால் கழுத்து. ஒரே முறைப்பாட்டுக்கு மூன்று வேறு சிகிச்சைகள்.

நாரி நோவுக்கும் இதே கதைதான். சலம் (சிறுநீர்) போவதில் மாற்றம் உண்டா, உட்காரும் பகுதியில் உணர்வு குறைந்திருக்கிறதா என்று கேட்கும்போது சிலர் முகம் சுளிக்கிறார்கள். அதற்கு 'ஓம்' என்று பதில் வந்தால் மசாஜ் இல்லை, உடனே அவசரப் பிரிவு. முள்ளந்தண்டின் அடியில் நரம்புக் கற்றை நெரிபடும்போது வரும் அறிகுறி அது. பிந்தினால் திருத்த முடியாமல் போகலாம்.

உடுப்பெல்லாம் கழட்ட வேணுமோ? எனக்கு வெட்கமாக் கிடக்கு.

உங்களுக்குச் சம்மதமான அளவுக்கு மட்டும். நான் அறையை விட்டு வெளியே போவேன், நீங்கள் விரிப்புக்குக் கீழே படுத்த பிறகு தட்டிக் கேட்டுத்தான் உள்ளே வருவேன். வேலை செய்யும் பகுதி மட்டும் திறந்திருக்கும், மற்றதெல்லாம் மூடியிருக்கும். இறுக்கமில்லாத உடுப்போடு படுத்தாலும் செய்யலாம். எண்ணெய் பாவிக்க முடியாது, அவ்வளவுதான்.

பிட்டம், தொடையின் மேல் உட்பகுதி, நெஞ்சுத் தசை, மார்பு ஆகிய இடங்களில் சிகிச்சைக் காரணம் இருந்தால் மட்டுமே கை வைக்கலாம். அதற்கு முன் ஏன் என்று விளக்கி, எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். நாரி நோவுக்குப் பிட்டத் தசை அடிக்கடி காரணமாக இருப்பதால் இந்தப் படிவத்தை எங்கள் ஆட்கள் நிறையப் பார்க்கிறார்கள். கையெழுத்து வைத்த பிறகும் நடுவில் 'வேண்டாம்' என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும், காரணம் கேட்கக்கூடாது. பிறப்புறுப்பைத் தொடுவதற்கு எந்தச் சந்தர்ப்பத்திலும், எந்தப் படிவத்திலும் இடமில்லை.

பிள்ளை, நல்லா அமத்து. நொந்தாத்தானே சரி வரும்?

இந்த ஒரு நம்பிக்கையோடுதான் நான் தினமும் மல்லுக்கட்டுகிறேன். பூச்சியம் முதல் பத்து வரை நோவை அளந்தால் ஐந்து, ஆறைத் தாண்ட விடமாட்டேன். அதற்கு மேல் போனால் மூச்சு நிற்கும், பல் கடிபடும், தசை எனக்கு எதிராக இறுகும். பிறகு நான் இளக்க வந்த தசையோடேயே மல்லுப் பிடித்துக்கொண்டிருப்பேன். அடுத்த நாள் இலேசான உளைவு இருக்கலாம், ஒன்றிரண்டு நாளில் போய்விடும். கண்டல் காயம் வந்தால் அது கெட்டித்தனம் இல்லை.

கூடவே வரும் இன்னொன்று, 'உடம்பில் இருக்கிற நஞ்செல்லாம் வெளியேறுமாமே?' வெளியேறாது. அந்த வேலையை ஈரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. மசாஜுக்குப் பிறகு தண்ணீர் குடியுங்கள், தாகம் தீரும்.

சித்தாலேப கொண்டு வந்திருக்கிறன், அதைப் பூசி உருவி விடுங்கோ.

கொண்டு வாருங்கள், ஆனால் அதை முதலில் பார்க்க வேண்டும். இந்த மாதிரித் தைலங்களின் எரிவும் குளிர்ச்சியும் நோவை மறக்கச் செய்கின்றன, அது நல்லதுதான். சிக்கல் என்னவென்றால், தோலின் உணர்வு மாறிவிட்டால் நான் எவ்வளவு அமத்துகிறேன் என்று நீங்கள் சரியாகச் சொல்ல மாட்டீர்கள். அதனால் சிகிச்சையின் கடைசியில் பூசுவேன். மேலே சூட்டு ஒத்தடம் வைக்கவே மாட்டேன், தோல் வெந்துவிடும். நீரிழிவால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்களுக்கு இரட்டிப்புக் கவனம்.

கழுத்தைத் திருப்பி 'டக்'கெண்டு முறிச்சு விடுவீங்களோ?

இல்லை. மூட்டை அதன் வழமையான எல்லைக்கு அப்பால் வேகமாக உந்தி முள்ளந்தண்டைச் சரிசெய்வது சட்டப்படி எங்களுக்கு அனுமதியில்லாத செயல். கைரோபிராக்டருக்கு உண்டு. மெதுவாக மூட்டை அசைத்து இளக்கலாம், அதில் தானாகச் சத்தம் வந்தால் வரும். சலூனில் தலைமயிர் வெட்டி முடித்ததும் கழுத்தை முறித்து விடுகிறார்களே, தயவு செய்து அதற்குக் கழுத்தைக் கொடுக்காதீர்கள்.

ஊருக்குப் போட்டு முந்தநாள்தான் வந்தனான். ஒரு கெண்டைக்கால் வீங்கி நோகுது. பிளேனில இருந்த பிடிப்புத்தான், உருவி விட்டாச் சரி.

இதற்கு மாட்டேன் என்று சொல்லும் முதல் ஆள் நானாக இருப்பேன். நீண்ட விமானப் பயணத்தில் அசையாமல் இருந்தால் காலின் ஆழத்தில் இருக்கும் நாளத்தில் இரத்தம் கட்டியாகலாம். அதை உருவினால் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போகலாம். உயிர் போகிற விசயம்.

அடையாளம்: பெரும்பாலும் ஒரு காலில் மட்டும் வீக்கம், சூடு, நோ, சிவப்பு. எங்கள் நிறத்தில் சிவப்பு நன்றாகத் தெரியாது, அதனால் கண்ணை நம்பாமல் அளவு நாடா எடுக்கிறேன். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் துருத்தும் எலும்பிலிருந்து 10 சென்டிமீட்டர் இறங்கி, இரண்டு கெண்டைக்காலையும் சுற்றி அளப்பேன். 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் என்றால் அது மருத்துவர்களும் கணக்கில் எடுக்கும் அறிகுறி. அளவு சரியாக இருந்தாலும் மற்ற அறிகுறிகள் பொருந்தினால் அன்றே மருத்துவரிடம் அனுப்புவேன். மூச்சு வாங்குகிறது, நெஞ்சு நோகிறது என்றால் உடனே 911 அவசர அழைப்பு. அன்றைக்கு உங்களிடம் காசும் வாங்கமாட்டேன், கோபிக்காதீர்கள்.

காய்ச்சல், தொற்றும் தோல் வருத்தம், புதிதாக வெட்டித் தைத்த இடம் இருந்தாலும் பிற்போட வேண்டும். இரத்தம் கட்டாமல் இருக்கக் குளிசை எடுப்பவர்களுக்கும் எலும்பு தேய்ந்த முதியவர்களுக்கும் செய்யலாம், கை மென்மையாக இருக்க வேண்டும். அம்மம்மா எடுக்கும் குளிசைகளின் பட்டியலைப் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். 'பிரஷருக்கு ஒண்டு, சீனிக்கு ஒண்டு, மற்றது வெள்ளைக் குளிசை' என்றால் எனக்கு ஒன்றும் விளங்காது.

பிள்ளைத்தாச்சிக்குச் செய்யலாமோ?

செய்யலாம். பக்கவாட்டில் படுக்க வைத்து, தலையணைகளால் வயிற்றையும் முழங்காலையும் தாங்கிச் செய்வோம். பிரஷர் கூடியிருக்கிறது, இரத்தம் போகிறது, திடீரென்று முகமும் கையும் வீங்குகின்றன என்றால் முதலில் உங்கள் மருத்துவர் அல்லது மிட்வைஃப். கால் வீக்கத்துக்கு முந்திய பதிலையும் வாசியுங்கள். கர்ப்ப காலத்தில் இரத்தக் கட்டி வரும் வாய்ப்பு கூடுதல்.

மகனுக்கு 14 வயசு. நான்தானே கையெழுத்து வைக்க வேணும்?

பெற்றோரை அதிர வைக்கும் பதில் இது. ஒன்ராறியோவின் 1996ஆம் ஆண்டுச் சுகாதாரச் சம்மதச் சட்டத்தில் வயது எல்லை கிடையாது. சிகிச்சை என்ன, செய்தால் என்ன, விட்டால் என்ன என்று அவருக்கு விளங்கினால் அவருடைய சம்மதம்தான் சம்மதம். நீங்கள் அறையில் இருக்கலாம், அவர் விரும்பினால். 'அம்மா வெளிய இருக்கட்டும்' என்று அவர் சொன்னால் நீங்கள் வெளியேதான். நடைமுறையில் பெரும்பாலான பிள்ளைகள் போனைப் பார்த்துக்கொண்டு 'ஓகே' என்பார்கள், நான் போனை வாங்கி வைத்துவிட்டுத் திரும்பக் கேட்பேன்.

ஓஹிப் காசு குடுக்குமோ? டொக்டரின்ர கடிதம் வேணுமோ?

ஓஹிப், அதாவது ஒன்ராறியோ அரசின் சுகாதாரக் காப்புறுதி, இதற்குக் கொடுக்காது. வேலைத்தலத்துக் காப்புறுதி இருந்தால் அது கொடுக்கும், ஆனால் வருடத்துக்கு எவ்வளவு, ஒரு முறைக்கு எவ்வளவு, கடிதம் வேண்டுமா என்பதெல்லாம் உங்கள் திட்டத்தைப் பொறுத்தது. சட்டப்படி எங்களிடம் வரக் கடிதம் தேவையில்லை. சில காப்புறுதிகள்தான் கேட்கின்றன.

மசாஜுக்கு 13 வீதம் எச்.எஸ்.டி. என்ற விற்பனை வரி உண்டு. ஒருவர் வாங்குகிறார், இன்னொருவர் வாங்குவதில்லையே என்றால், வருடத்துக்கு 30,000 டொலருக்குள் உழைக்கும் சிறு தொழில்காரர் எச்.எஸ்.டி.க்குப் பதிய வேண்டியதில்லை. காப்புறுதி இல்லாதவர்கள் பற்றுச்சீட்டை எறியாதீர்கள். வரிக் கணக்கில் மருத்துவச் செலவாகக் காட்டலாம்.

கார் அக்சிடென்ட் பட்டது. எத்தனை தரம் வரலாம்?

சுளுக்கு, தசைப்பிடிப்பு, விப்லாஷ் (கழுத்து வெட்டி இழுபடும் காயம்) போன்றவை சிறு காயம் என்ற வகைக்குள் போகும். அதற்கு எல்லாச் சிகிச்சையும் சேர்த்து 3,500 டொலர் வரம்பு. பிசியோ, கைரோ, மசாஜ் மூன்றும் இந்த ஒரே காசிலிருந்துதான் போகின்றன. எல்லாவற்றையும் முதல் மாதத்திலேயே முடித்துவிட்டு, நோ மிஞ்சியிருக்கும்போது கை விரிக்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துக் கேட்டால் வைக்காதீர்கள், நிரப்பிய பிறகு வாசித்துப் பார்த்து வையுங்கள்.

மனுசிக்கு இன்சூரன்ஸ் பெனிபிட் முடிஞ்சுது. என்ர பேரில பற்றுச்சீட்டு போட்டுத் தாங்கோவன், ஆருக்குத் தெரியப் போகுது?

இதே கேள்வி 'ஃபேஷலுக்கு மசாஜ் பில் தாங்கோ', 'வராத நாளுக்கும் ஒண்டு போடுங்கோ' என்றெல்லாம் வேடம் மாறி வரும். பதில் மாறாது. பற்றுச்சீட்டில் என் பதிவிலக்கம் இருக்கிறது, அதற்குப் பின்னால் அன்றைய சிகிச்சைக் குறிப்பு இருக்க வேண்டும். அந்தக் குறிப்புகளை உங்கள் கடைசி வருகையிலிருந்து 10 வருடம் வைத்திருக்க வேண்டும், காப்புறுதிக்காரர் கேட்டால் பொய் வெளியே வரும். எனக்குப் பதிவு போகும், உங்களுக்கு வேலை போகும். மசாஜ் பில் மோசடியில் வேலை இழந்தவர்கள் எங்கள் ஆட்களிலும் உண்டு.

என்ர மனுசனே ஆர்.எம்.டி.தான். அவரிட்டயே செய்து பில் எடுக்கலாமோ?

முடியாது, பில்லுக்காக மட்டும் இல்லை. ஒன்ராறியோ சட்டம் சிகிச்சையாளருக்கும் நோயாளிக்கும் இடையிலான பாலுறவைத் துஷ்பிரயோகம் என்றே வகைப்படுத்துகிறது. நோயாளி சம்மதித்தார் என்பது அங்கே எடுபடாது. கணவன் மனைவிக்கு விலக்கு வேண்டுமென்று சில தொழில்கள் கேட்டு வாங்கியிருக்கின்றன. மசாஜ் தெரபிக்கு அந்த விலக்கு இல்லை. பதிவை இழந்தால் திரும்ப விண்ணப்பிக்கவே ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். சிகிச்சை முடிந்த பிறகும் ஒரு வருடம் வரை நீங்கள் நோயாளியாகவே கணக்கு.

வீட்டில் சோபாவில் இருந்து தோளைப் பிடித்து விடுவதை யாரும் தடுக்கவில்லை. கோப்பு திறந்து, கட்டணம் போட்டு, தொழிலாகச் செய்வதுதான் வில்லங்கம்.

ஏதும் பிழையா நடந்தா ஆரிட்டச் சொல்லுறது? ஊருக்குத் தெரிஞ்சிடாதோ?

சி.எம்.டி.ஓ.வுக்கு எழுதலாம். முதலில் அந்தக் கிளினிக் உரிமையாளரிடம் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாலியல் துஷ்பிரயோக முறைப்பாடு என்றால், விசாரணை முடிய முன்பே உளவள ஆலோசனைக்குப் பண உதவி கேட்க முடியும். இப்படி நடந்தது என்று இன்னொரு ஆர்.எம்.டி.க்குத் தொழில் செய்யும்போது தெரிய வந்தால், அதை அறிவிப்பது அவருக்குச் சட்டக் கடமை. ஆனால் உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் உங்கள் பெயரைக் கொடுக்க முடியாது. ஊர்க்கதைக்குப் பயந்து பேசாமல் இருப்பதால் நன்மை அடைவது ஒரே ஒருவர்தான், யாரென்று சொல்லத் தேவையில்லை.

ஊரில ஆயுர்வேத மசாஜ் படிச்சனான். இங்க ஆர்.எம்.டி. ஆகலாமோ? அல்பேர்ட்டாவில லேசு எண்டு சொல்லினம்?

வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிட சி.எம்.டி.ஓ.விடம் ஒரு வழிமுறை உண்டு. சான்றிதழ்களையும் திறமையையும் பார்த்து எங்கே இடைவெளி என்று சொல்வார்கள். கைப்பழக்கம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். இடிப்பது பரிசோதனை முறையிலும், குறிப்பு எழுதுவதிலும், மேலே சொன்ன சம்மதச் சட்டங்களிலும்தான்.

பிரிட்டிஷ் கொலம்பியா, நியூ பிரன்ஸ்விக், நியூஃபவுண்ட்லாந்து, பிரின்ஸ் எட்வர்ட் தீவு ஆகியவற்றிலும் இது ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில். அல்பேர்ட்டாவிலும் கியூபெக்கிலும் அரசுச் சட்டம் இல்லை, சங்கங்கள்தான் உறுப்புரிமை கொடுக்கின்றன. லேசு என்பது ஒருவகையில் சரி. ஆனால் அங்கிருந்து ஒன்ராறியோவுக்கு வந்தால் அந்த உறுப்புரிமை இங்கே பதிவாகாது.

மகள் இதைப் படிக்கப் போறன் எண்டு நிக்கிறாள். விடலாமோ?

விடலாம், கண்ணைத் திறந்துகொண்டு. பெரும்பாலும் சுயதொழில், கட்டணத்தில் ஒரு பங்கு கிளினிக்குக்குப் போகும், லீவு எடுத்தால் சம்பளம் இல்லை. உழைப்பது கையால், ஆகவே கையைக் காப்பாற்றத் தெரிய வேண்டும். பெருவிரலால் தள்ளாமல், பின்காலை ஊன்றி உடம்பின் பாரத்தை முன்னங்கை வழியாக இறக்கப் பழகாதவர்கள் சில வருடங்களில் தாங்களே நோயாளியாகிவிடுகிறார்கள். நாள் முழுக்க இடைவெளியில்லாமல் ஆட்களை அடுக்குவதும் அப்படித்தான் முடியும்.

பள்ளிக்கு முற்பணம் கட்ட முன், அந்தப் பாடநெறியைப் படித்தால் பதிவுத் தேர்வு எழுத அனுமதிப்பார்களா என்று சி.எம்.டி.ஓ.விடமே கேளுங்கள், பள்ளி சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். அதற்கும் முன், ஏதாவதொரு மாணவர் கிளினிக்கில் மகள் ஒரு முறை போய்ப் படுத்துப் பார்க்கட்டும். வெளிக் கிளினிக்குகளை விடக் கட்டணம் குறைவு. படிப்பு எப்படி நடக்கிறது என்று அங்கே நேரில் தெரிந்துவிடும்.